டம்ளரில் ஐந்து தட்டு

எனக்குத் திக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துவிட்டு "ஐயோ பாவம்" என்று தலையை ஒரு பக்கம் சாய்ப்பீர்களே, அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. எழுத்தில் திக்காது. எழுத ஆரம்பித்தேன் என்றால் எதிரில் இருப்பவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். வாயில்தான் தகராறு. வாயிலும் எல்லா எழுத்துக்கும் இல்லை. க, ப, ட இந்த மூன்றும் சொல்லின் தலையில் வந்து நின்றால் போச்சு, கதவு சாத்திக்கொள்ளும். எவ்வளவு தள்ளினாலும் திறக்காது.

அதனால் சின்ன வயதிலேயே ஒரு வித்தை பழகிக்கொண்டேன். அடைக்கப்போகும் சொல் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். சட்டென்று வேறு சொல்லுக்குத் தாவிவிடுவேன். கடை என்று சொல்ல மாட்டேன், அங்காடி என்பேன். பக்கத்தில் என்பதற்கு அருகில். பஸ்ஸுக்கு வண்டி. பதிலுக்கு விடை. இதனால் நான் பேசுவது பாதி நேரம் நாடக வசனம் மாதிரி இருக்கும். "அருகில் உள்ள அங்காடியில் வாங்கினேன்" என்று அரைக் கிலோ வெங்காயத்துக்குச் சொன்னால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். திக்குகிறாள் என்று தெரிவதைவிட கொஞ்சம் கழன்ற கேஸ் என்று தெரிவது மேல் என்று ஒரு எண்ணம்.

ஆனால் பொது அறிவுப் போட்டியில் இந்தப் பாச்சா பலிக்காது. ஆஸ்திரேலியாவின் தலைநகரம் எது என்று கேட்டால் கான்பெரா என்றுதான் சொல்லியாக வேண்டும். கான்பெராவுக்கு வேறு பெயர் கிடையாது.

எங்கள் குழுவின் பெயர் 'தெரிஞ்சா சொல்லு'. ஃபோனில் நடக்கும் குழு. என்னையும் என் அக்காவையும் தவிர ஆளுக்கொரு ஊர், ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தது இல்லை, சொந்தப் பெயரில் கூப்பிடுவதும் இல்லை. ஆரம்பித்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். நேரம் தவறினால் அவருக்குக் காய்ச்சலே வந்துவிடும், அதனால் கடிகாரம். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர். பாரம் ஏற்றும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்து விளையாடும் ஒருவர், அவர் பெயர் லாரி. நான் கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கிறேன், லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் மாட்டுவது, கண் பரிசோதனைக்குக் கூட நிற்பது. அதனால் எனக்குக் கண்ணாடி என்று பெயர். அப்புறம் என் அக்கா. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் குரலைக் கேட்டால் பாதி நோய் போய்விடும் என்பார்கள். குழுவில் அவள் பெயர் மைக்.

முதல் ஒரு வருடம் எல்லாம் எழுத்தில்தான். கடிகாரம் கேள்வியைப் போடுவார், யார் முதலில் பதிலை அடித்து அனுப்புகிறாரோ அவருக்குப் புள்ளி. அந்த ஒரு வருடமும் நான்தான் ராணி. என் கட்டைவிரல் அப்படிப் பறக்கும். லாரி ஒருமுறை, "கண்ணாடி இருக்கிற இடத்துல நாம எதுக்கு சார், கை தட்டிட்டுப் போயிடலாம்" என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க நான் தரையில் கால் படாமல் நடந்தேன்.

கெடுத்தது டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அனுப்பிய பதிலின் வாலில் 'மேலும் படிக்க இங்கே அழுத்தவும்' என்று ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ தேடி, அப்படியே வழித்து எடுத்துப் போட்டிருக்கிறார். அழிப்பதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. எல்லோரும் சிரித்தோம், கடிகாரத்தைத் தவிர.

"இனிமே எழுத்து வேண்டாம்," என்று குரலில் அனுப்பினார் அவர். "எல்லாரும் வீடியோவுல வாங்க. தெரிஞ்சவங்க கை படம் போட்ட பட்டனை அழுத்தணும். முதல்ல கை தூக்கினவங்களுக்கு நான் டம்ளர்ல ஸ்பூனால அஞ்சு தட்டு தட்டுவேன். அதுக்குள்ள சொல்லணும். அஞ்சாவது தட்டு விழுந்துட்டா யாரு வேணும்னாலும் சொல்லலாம். தப்பா சொன்னா அந்தக் கேள்வியில இருந்து அவுட்."

நான் சிரித்த சிரிப்பு அப்படியே தொண்டையில் நின்றது.

வீடியோவில் முதல் ஞாயிற்றுக்கிழமையே அந்தக் கான்பெரா வந்தது. நான்தான் முதலில் கை தூக்கினேன். டம்ளரில் ஸ்பூன் விழ ஆரம்பித்தது. டிங். "கா..." டிங். "கா... க்..." என் தாடை இறுகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். பதில் என் நாக்கின் மேல்தான் உட்கார்ந்திருந்தது, முழுசாக, ஒரு எழுத்துக் குறையாமல். டிங். டிங். டிங்.

"கான்பெரா!" என்றது ஒரு தேன் குரல்.

"மைக் அக்காவுக்குப் புள்ளி!" என்றார் கடிகாரம்.

"அக்கா சூப்பர்!" என்றார் லாரி.

நான் வாயைத் திறந்தபடியே திரையில் உட்கார்ந்திருந்தேன். சிட்னி என்றுதான் அக்கா நினைத்திருப்பாள். பள்ளியிலிருந்தே அவளுக்குச் சிட்னிதான். என் வாயிலிருந்து விழுந்த 'கா'வைப் பொறுக்கிக்கொண்டு, அதை வைத்து வீடு கட்டிவிட்டாள்.

அன்றைக்கு ஒருமுறை இல்லை. புதன் என் 'பு'விலிருந்து போனது. பாதரசம் என் 'பா'விலிருந்து போனது. அந்த மாதம் முழுக்க நான் விதைப்பேன், அவள் அறுப்பாள். குழுவில் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அவள் கீழ் வீட்டில் இருக்கிறாள், நான் மாடியில். அவள் அங்கே "பாதரசம்!" என்று கத்துவது எனக்கு ஃபோனில் ஒருமுறையும் தரை வழியாக ஒருமுறையும் கேட்கும். என் பதிலை நான் இரண்டு தடவை பறிகொடுப்பேன்.

ஒருநாள் படியிறங்கிப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னோட விடையை நீ ஏன் எடுக்கிற?" என்றேன்.

"விடையாம்ல! பெரிய புலவர்," என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "ஏன்டி கோபம்? நான் எடுத்தேனா? உனக்கு ஹெல்ப்தானே பண்ணேன்."

"மார்க் உனக்குத்தானே விழுது?"

"அது அவர் குடுக்கிறாரு. நான் கேட்டேனா? நீ அங்க திணறும்போது எனக்கு இங்க மூச்சு முட்டுதுடி. உனக்குத் தெரியாது. ஸ்கூல்ல பேர் கூப்பிட்டா யாரு 'உள்ளேன் மிஸ்'னு சொன்னது? பஸ்ல யாரு டிக்கெட் கேட்டது? உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப யாரு பேசினது? நான்தானே."

அதெல்லாம் உண்மை. மறுக்க முடியாது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், போகும்போது அக்காவின் குரலைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அவளுக்கு என்மேல் உயிர். அந்த உயிரைத் தூக்கி என் வாயில் அடைத்து வைத்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்ல நினைத்த சொல்லெல்லாம் 'க'விலும் 'ப'விலும் வந்து நிற்க, கதவை ஓங்கிச் சாத்திவிட்டு மாடிக்கு வந்தேன். கதவு நன்றாகப் பேசும்.

கடிகாரத்துக்கு எழுதினேன். ஆரம்பித்தது நான், அதனால் பாதிப் புள்ளியாவது எனக்குச் சேர வேண்டும் என்று. நியாயம்தானே? அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னாலும் தீர்ப்புச் சொன்னார்.

"பாதி வார்த்தை பதில் ஆகாதும்மா. 'கா'ன்னா காக்காவா இருக்கலாம், காபியா இருக்கலாம். முழுசா சொன்னாத்தான் பதில். இது ரூல். எல்லாருக்கும்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு மட்டும் வேணும்னா டைப் பண்ண விடலாம். யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க" என்றார்.

"அது எப்படி சார் சரியா வரும்?" என்றார் டீச்சர். தேடி எடுத்து ஒட்டிய அதே டீச்சர்! "டைப் பண்றவங்க தேடிப் பாக்கலைன்னு என்ன நிச்சயம்? அதுவும் இல்லாம, இந்தத் தடவை ஜெயிக்கிறவங்கதான் வருஷம் பூரா கேள்வி கேக்கணும். கேள்வி கேக்கிறவங்க தெளிவாப் பேச வேணாமா?"

லாரி வண்டிக் கண்ணாடியைத் துடைப்பது போல எங்கோ பார்த்தார்.

அந்தப் பதவிதான் எனக்கு வேண்டும். டம்ளரும் ஸ்பூனும் வைத்துக்கொண்டு ஒரு வருடம் நடுவில் உட்காரும் இடம். ஏன் வேண்டும் என்றால், அதில் உட்காருகிறவர் பேச ஆரம்பித்தால் முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருந்தே ஆக வேண்டும். கேள்வி அவரிடம் மட்டும்தான் இருக்கிறது, யாராலும் முடித்து வைக்க முடியாது. என் வாழ்க்கையில் எனக்காக யாரும் ஒரு வாக்கியம் முழுசாகக் காத்திருந்ததில்லை. ஒரு வருடம் காத்திருங்களேன் பார்ப்போம் என்று இருந்தது எனக்கு.

"வேண்டாம் சார்," என்றேன். "எல்லாரும் எப்படியோ, நானும் அப்படியே."

சொன்னேனே தவிர வழி தெரியவில்லை. வழி கடையில்தான் கிடைத்தது.

ஒரு பெரியவர் வாசிக்கக் கண்ணாடி போட மகளோடு வந்திருந்தார். வாசிக்கும் அட்டையைக் கையில் கொடுத்தேன். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. எங்கள் தொழிலில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. வாசிப்பவர் எவ்வளவு நேரம் எடுத்தாலும் பக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது. எடுத்துக்கொடுத்தால் தப்பான கண்ணாடிதான் கிடைக்கும். பெரியவர் கடைசி வரிக்கு வந்து அட்டையைத் தள்ளியும் கிட்டேயும் பிடித்துப் பார்த்து, "ம... ம..." என்றார்.

"மரம் ப்பா, மரம்!" என்றாள் மகள், பொறுக்க மாட்டாமல்.

"ஆமா, மரம்," என்றார் அவர்.

அட்டையில் இருந்தது மழை. அந்தப் பெண்ணுக்கு நல்ல கண். அவள் நின்ற இடத்திலிருந்து அட்டை தெளிவாகத் தெரியும். ஆனால் அவள் அட்டையைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அடுத்தவர் வார்த்தையை முடித்து வைப்பவர்கள் கேள்வியைப் பார்ப்பதில்லை! அன்றைக்கு மத்தியானம் ஒரு லென்ஸைத் தேவைக்கு மேல் தேய்த்துவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பரவாயில்லை. மனசு வேறு எங்கேயோ இருந்தது.

கடைசிப் போட்டிக்கு அக்காவும் நானும்தான் மிஞ்சினோம். எழுத்துக் காலத்துப் புள்ளிகள் என்னைக் காப்பாற்றி வைத்திருந்தன. ஞாயிறு சாயங்காலம், குழுவில் இருந்த அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க வந்து சின்னச் சின்னக் கட்டங்களாக உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் எனக்கு எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் பேசவே மாட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வாக்கியத்தை முடித்து வைக்காத ஒரே ஆள் அவர்தான். அது பொறுமையா சோம்பலா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

"ஆல் தி பெஸ்ட்டுடி," என்றாள் அக்கா. நல்ல மனதோடுதான் சொன்னாள். "ஒண்ணும் பயப்படாதே. நான் ஜெயிச்சாலும் நீ ஜெயிச்சாலும் ஒண்ணுதான். நீ கேள்வியை எழுதிக் குடு, வருஷம் பூரா நான் படிக்கிறேன்."

டீச்சர் கட்டத்திலிருந்து "அதுதான் நல்லது" என்று ஒரு குரல். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

போட்டி நடந்தது. வாய்க்கு வசமான சொற்கள் வந்தபோது நான் எடுத்தேன். மீன்கள் எதனால் மூச்சு விடும்? செவுள். சட்டென்று சொன்னேன். அடைக்கும் சொற்கள் வந்தபோது நான் ஆரம்பித்தேன், ஐந்து தட்டு முடிந்தது, அக்கா முடித்தாள். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு என்று போய்க் கடைசிக் கேள்வியில் இருவரும் சமமாக நின்றோம்.

கடிகாரம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உலகத்துல மனுஷங்களோட சாவுக்கு மத்த எல்லாத்தையும் விட அதிகமா காரணமா இருக்கிற பிராணி எது?"

என் கை முந்திக்கொண்டது. பதில் எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் அவள் மேஜைக்குப் பின்னால் இருக்கும் சுவரொட்டியில் அந்தப் பிராணி ஆளுயரத்துக்கு இருக்கிறது. தினமும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள்.

கொசு. இத்தனூண்டு சொல். 'கொ'வில் ஆரம்பிக்கும் சொல். அதற்கு மாற்றுச் சொல் தேடினால் அகராதிதான் கிழியும்.

டிங். ஸ்பூன் விழுந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"பா..." என்றேன்.

டிங். "பா... பா..."

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து திக்காதவள் போல நடித்தவள் நான். அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திக்குகிறவள் போல நடித்தேன். நடித்தபோது அடைக்கவே இல்லை! இத்தனை வருடம் என்னைப் பாடாய்ப் படுத்திய 'பா', கூப்பிட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றது. முழுப் பாம்பும் வெளியே வந்து விழுந்துவிடுமோ என்று பயந்து உதட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரர் வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

டிங். "ப்பா..." டிங். டிங்.

"பாம்பு!" என்றாள் அக்கா. ஃபோனிலும் கேட்டது, தரை வழியாகவும் கேட்டது.

கடிகாரம் ஸ்பூனைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். "தப்பு" என்றார்.

"என்னது?"

"தப்பும்மா. பாம்பு இல்ல. இந்தக் கேள்வியில நீங்க அவுட்."

"அவதானே பாம்புன்னு சொன்னா!"

"அவங்க 'பா'ன்னுதான் சொன்னாங்க." கடிகாரத்துக்கு அவர் போட்ட சட்டம் அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு ஓடியது. "பாதி வார்த்தை பதில் ஆகாதுன்னு நானே சொல்லியிருக்கேன். கண்ணாடி இன்னும் பதிலே சொல்லலை. இப்ப அவங்க சான்ஸ்." ஸ்பூனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார்.

இப்போது நிஜமான சொல். "கொ..." என்றேன். அடைத்தது. நடிப்பு இல்லை, அசல். கழுத்து நரம்பு புடைத்தது எனக்கே தெரிந்தது. முகம் கோணியிருக்கும். கோணட்டும். மறைக்கவில்லை, திரையிலிருந்து முகத்தைத் திருப்பவும் இல்லை. ஐந்து தட்டும் முடிந்தது.

"நேரம் முடிஞ்சது சார்," என்றார் டீச்சர்.

"முடிஞ்சா யாருக்கு டீச்சர் போகும்?" லாரி இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அஞ்சு தட்டுக்கு அப்புறம் யாரு வேணும்னாலும் சொல்லலாம், சரி. விளையாடுறது ரெண்டு பேரு. அதுல ஒருத்தர் அவுட். மிச்சம் யாரு இருக்கா? கண்ணாடிதானே இருக்காங்க! நீங்க விடிய விடிய தட்டுங்க சார், அவங்க சொல்லும்போது சொல்லட்டும்."

இதைத்தான் நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அக்காவைத் தோற்கடிக்க அந்தப் பாம்பை விடவில்லை. ஒரு கொசுவுக்கு இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பறிக்க ஆளில்லாத ஒரு இடம்.

கடிகாரம் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். லாரியின் கட்டத்துக்குப் பின்னால் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. நான் "க்... கொ... க்க்..." என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். அவசரமில்லை. இத்தனை முகமும் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. காத்திருக்கட்டுமே!

"கொசு," என்றேன்.

லாரி அடித்த ஹாரனில் அவருக்கு முன்னால் போன யாரோ திரும்பித் திட்டினார்கள். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம்தான் என்று சாதிக்கிறார்.

அக்கா மாடி ஏறி வந்தாள். படியில் ஒவ்வொரு காலடியும் இடி. கதவைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டு வந்தாள்.

"என்னையே ஏமாத்திட்டேல்ல? ஊரு முன்னாடி என் மூக்கை உடைச்சிட்டே! கொசுன்னு எனக்குத் தெரியாதா? தினமும் பாக்கிறேன்டி அந்த போஸ்டரை!"

"தெரியும்ல? அப்ப ஏன் சொல்லலை?"

"நீ பாம்புன்னு ஆரம்பிச்சே!"

"நான் ஆரம்பிச்சேன்," என்றேன். "முடிச்சது நீ."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"சின்ன வயசுல இருந்து உனக்கு வாயா இருந்தேன். அதுக்கு இதுவா?"

"எனக்கு வாய் இருக்கு அக்கா. மெதுவா வரும். ஆனா இருக்கு." "நீ என்மேல வச்சிருக்கிற உயிரு எனக்கு வேணும். என் வார்த்தையை மட்டும் விட்டுடு."

"சரி. கேள்வியை யாரு படிக்கிறது? நான் படிக்கிறேனே. உனக்கு சிரமம்."

"நான்தான் ப்... ப்..." அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். கையை நீட்டித் தடுத்தேன். அவள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். "...படிப்பேன்," என்றேன்.

இறங்கிப் போனாள். ஒரு வாரம் கீழிருந்து சத்தமே இல்லை.

அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டு டம்ளரையும் ஸ்பூனையும் வைத்துக்கொண்டு நடுக்கட்டத்தில் உட்கார்ந்தேன். முதலில் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் குடித்தேன். கட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடிகாரம், லாரி, டீச்சர். அக்கா வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். எல்லோருக்கும் கடைசியாக வந்து உட்கார்ந்தாள், தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

"ரூல் மாறுது," என்றேன். "தட்டு எல்லாம் வேண்டாம். முதல்ல யாரு விரல் தூக்குறாங்களோ, அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் மத்தவங்க வாய் திறக்க வேண்டாம்."

"அப்ப லேட் ஆகுமேம்மா?" என்றார் டீச்சர்.

"ஆகும். உக்காந்திருங்க."

முதல் கேள்வியை நான் வேண்டுமென்றே பொறுக்கி எடுத்திருந்தேன். எனக்குத் தோதான கேள்வியாக ஆயிரம் கிடைக்கும். வேண்டாம். "கி..." என்று ஆரம்பித்தேன். கதவு சாத்திக்கொண்டது. லாரி அவசரத்தில் கை தூக்கிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு இறக்கினார். டீச்சர் மேலே பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவளுடைய மைக் அணைந்திருந்தது, கட்டத்தின் மூலையில் சிவப்புக் கோடு. ஆனால் உதடு அசைந்துகொண்டிருந்தது. கிண்ணம், கிணறு, கிளி என்று வாய்க்கு வந்ததையெல்லாம் எனக்காக அங்கே சத்தமில்லாமல் தேடிக்கொண்டிருந்தாள். பழக்கம் எங்கே போகும்? ஆனால் மைக்கை அணைத்து வைத்திருந்தாள். அவளாகவே அணைத்திருந்தாள்.

"கிரகங்கள்ல," என்றேன், "தன்னோட ஒரு வருஷத்தை விட, தன்னோட ஒரு நாள் நீளமா இருக்கிற க்... க்... கிரகம் எது?"

முதலில் எழுந்த கை அக்காவுடையது. மைக்கைத் திறந்தாள்.

"அது... அது வந்து..." என்றாள். நின்றுவிட்டாள். நெற்றியைச் சுருக்கினாள். ஆஸ்பத்திரியையே மயக்கும் அந்தக் குரல் தடுமாறியது. "நாக்கு நுனியில இருக்குடி... ஐயோ..."

எனக்குப் பதில் தெரியும். கேட்டவளே நான்தானே. எடுத்துக்கொடுக்கவில்லை. 'நிதானமா சொல்லு' என்று வாய் வரை வந்தது. எனக்கு இந்த உலகத்தில் பிடிக்காத இரண்டு சொற்கள் அவை, அதையும் சொல்லவில்லை. ஸ்பூனைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"வெ... வெள்ளி?" என்றாள் அக்கா.

சரியான விடை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். 'வி' எனக்கு வழுக்கிக்கொண்டு வரும். இத்தனை வருடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இனிமேல் இல்லை.

"சரியான ப்..." என்றேன். "ப்... ப்ப்..."

அக்காவின் மைக் திறந்தே இருந்தது. அவள் மூச்சு விடுவது ஃபோனில் கேட்டது. தரை வழியாக ஒரு சத்தமும் இல்லை.

"...பதில்," என்றேன்.